மண்டை மூடும் வரைக்கும்

அழகனை ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோ மேல் லயத்து வாசலில் நின்றபோது மழை விட்டிருந்தது, மூட்டம் விடவில்லை. வினோதா முதலில் இறங்கினாள். மாவுக்கட்டுப் போட்ட இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வலது கையைப் புருஷனிடம் நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கினான்.

"அந்தக் கைய எங்கிட்ட நீட்டாத" என்றான்.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவன் தலையைப் பார்த்துவிட்டு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். முடி மழித்த தலையின் இடப்பக்கம், காதுக்கு மேலே, உள்ளங்கை கொள்ளும் அளவுக்கு உள்ளே அமுங்கிக் கிடந்தது. நசுங்கிய தகரப் பேணி மாதிரி. அந்தப் பள்ளத்துத் தோல் லேசாகத் துடித்தது.

"எலும்ப எடுத்துட்டாங்களாம்" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "வயித்துத் தோலுக்குள்ள வச்சுத் தச்சிருக்காங்களாம். கெட்டுப்போகாம இருக்கவாம். வீக்கம் வத்துனப் பொறவு எடுத்து திருப்பி வைப்பாங்களாம்."

"இவ தலைக்கு ஒண்ணும் ஆகலியே" என்றாள் இன்னொருத்தி. அவள் மெதுவாகச் சொல்லவில்லை.

கொட்டகலைக்கு மேலே மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் தோட்டப் பாதையின் கடைசியில் இருக்கிறது அந்த லயம், ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஒற்றை அறைக் காம்பிராக்கள். வரிசையின் கடைசியில், தொங்கல் காம்பிராவில் அழகன், வினோதா, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் சுலக்ஷனா. அழகனுக்குத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை. வினோதா கல்யாணமான நாளிலிருந்து கொழுந்து பறித்தவள். ரெண்டு வருஷமாகத்தான் கொட்டகலை பஜாரில் ரிஸ்வி முதலாளியின் துணிக்கடையில் நிற்கிறாள். காலை பஸ்ஸை நம்பிக் கடைக்குப் போக முடியாது. மழை பெய்தால் பஸ் மேலே வராது, வெயில் அடித்தால் டிரைவர் வரமாட்டான். அதனால்தான் கரண்டு ஸ்கூட்டி வந்தது. காம்பிராவின் முன் திண்ணையான இஸ்தோப்பில் பிளக் குத்தி இரவெல்லாம் சார்ஜ் ஏறும்.

ஸ்கூட்டி வந்த நாளிலிருந்தே லயத்துக்கு அது பிடிக்கவில்லை. சத்தமில்லாமல் வந்து பின்னால் நிற்கிறது, பேய் வண்டி என்றார்கள். பொம்பளை கையில் வண்டி, ஆம்பளை கையில் குடை என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் ஒருவன் சொன்னான். அது ஸ்டோர் வரைக்கும் போய் அழகனின் காதில் விழுந்தது. அவனுக்கு ஓட்டத் தெரியாது. பெண்சாதியிடம் கற்றுக்கொள்ள அவன் தயாராக இல்லை.

விபத்து நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துத் தோட்டத்தில் சொந்தக்காரப் பிள்ளைக்குச் சடங்கு. சுலக்ஷனா முதல் நாளே அங்கே போய்விட்டாள். புறப்படும்போது ஹெல்மெட்டைப் பற்றிப் புருஷன் பெண்சாதிக்குள் வாக்குவாதம். காம்பிராவுக்குள் நடந்த அந்தப் பேச்சு வேறு யார் காதிலும் விழவில்லை. கடைசியில் வினோதா தன்னுடையதை மாட்டிக்கொண்டாள். அழகன், முந்தின நாள்தான் அவள் அவனுக்கென்று வாங்கி வந்திருந்ததை முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் ஏறினான்.

தூற்றல். பாதை முழுக்கப் பாசி. ஸ்டோருக்கு மேலே உள்ள வளைவில், விறகுக் கட்டைத் தலையில் சுமந்த ஒரு பெண் தேயிலைக்குள்ளிருந்து பாதையில் இறங்கினாள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் வளைவுக்கு முன்பே சத்தம் கேட்டு ஒதுங்கியிருப்பாள். வினோதா ஹாரனை அடித்ததும் பிரேக்கைப் பிடித்ததும் ஒன்றாக நடந்தது. முன்சில்லு வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். வினோதாவின் தலை பாதையில் அடித்து உரசிக்கொண்டு போனது. ஹெல்மெட் பிளந்தது, தலை பிழைத்தது, மணிக்கட்டு ஒடிந்தது. அழகனின் தலை மதகுக் கல்லில் மோதியது. முழங்கையில் தொங்கிய ஹெல்மெட் பள்ளத்துத் தேயிலைக்குள் உருண்டு போனது. பிறகு வினோதா போய்த் தேடினாள், கிடைக்கவில்லை.

முதலில் எழுந்தது அழகன்தான். "எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். ஓடி வந்தவர்கள் முன்னால் வினோதாவைப் பச்சையாகத் திட்டினான். யாரோ சீனி போட்ட சாயத்தண்ணி கொடுத்தார்கள், முழுசாகக் குடித்தான். எல்லாரும் வினோதாவின் கோணிப்போன கையைத்தான் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவன் தலை வலிக்கிறது என்றான். குடித்ததை வாந்தி எடுத்தான். தண்ணீர்க் கானோரத்தில் உட்கார்ந்தவனின் நாக்கு குழறியது. தூக்கம் வருது, படுத்துக்கிறேன் என்றான். வினோதா ஒடிந்த கையோடு அவன் கன்னத்தில் அறைந்து அறைந்து விழிக்க வைத்தாள். கொழுந்து லொறியில் போட்டுத்தான் கீழே கொண்டுபோனார்கள். அவள் அவனை அறைந்ததைப் பார்த்தவர்கள் பிறகு அதையும் ஊரில் சொன்னார்கள். ஏன் அறைந்தாள் என்பதைச் சொல்லவில்லை.

கண்டியில் மண்டையைத் திறந்து உள்ளே கட்டியிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். அவன் கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தது அவன் அக்கா காளியாயி. மஸ்கெலியாவிலிருந்து வந்திருந்தாள். அவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக நினைவில்லை. முந்தின சனிக்கிழமையும் இல்லை. என்ன நடந்தது என்று கேட்டான். காளியாயி சொன்னாள்:

"ஒம் பொண்டாட்டி ஒன்ன வண்டில ஏத்திக் கொண்டாந்து கல்லுல அடிச்சுட்டா. வீட்ல இருந்தது ஒரு தொப்பி. அத அவ மாட்டிக்கிட்டா. ஒன் தலைய வெறுமன வுட்டுட்டா."

அதற்குப் பிறகு வந்த வினோதா, ரெண்டு ஹெல்மெட் இருந்தது, நீங்கதான் மாட்டிக்கல என்று சொன்னாள். அவன் கட்டிலிலிருந்து எழுந்து ஊசிக் குழாயைப் பிய்த்து அவள் மேல் வீசினான். நர்ஸ் மிஸ்ஸிமார் ஓடி வந்தார்கள். டொக்டர் அவளை வெளியே கூப்பிட்டார். சிங்களவர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அம்மா, இவருக்கு இப்ப கோபம் நிறைய வரும். அடிபட்ட இடம் அப்படி. அது அவர் இல்ல, காயம். எலும்பு வைக்கும் வரைக்கும் சண்டை வேணாம். தலை கொதிச்சா நல்லதில்ல. விழுந்தா அதவிட மோசம். அங்க எலும்பு இல்ல, தோல் மட்டும். நடக்கிற நேரம் தலையில ஒண்ணு போடணும். சரியா?"

"சரிங்க டொக்டர்" என்றாள் வினோதா. அதோடு அந்தப் பேச்சை விழுங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த அழகன் வேறு அழகனாக இருந்தான். முன்பும் அவன் நல்ல வாய்க்காரன். ஆனால் அந்த வாயில் கிண்டல் இருக்கும். இப்போது கிண்டல் போய்விட்டது, கசப்பு மட்டும் மிஞ்சியது. ரேடியோச் சத்தம் ஆகாது. பக்கத்துக் காம்பிராவில் பிள்ளை அழுதால் சுவரில் உதைப்பான். சுலக்ஷனா சத்தமாகப் பாடம் படித்ததற்காகப் புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் போட்டான். பாதி எரிந்ததை அவள் எடுத்து அணைத்துக்கொண்டு பக்கத்துக் காம்பிராவுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து படிப்பதும் படுப்பதும் அங்கேதான்.

சாப்பாடு பெரிய யுத்தம். வினோதா ஒற்றைக் கையால் மாவு பிசைந்து ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்து வைப்பாள். கருவாடு கிடைத்த அன்று தக்காளி போட்டுக் குழம்பு வைத்தாள். லயம் முழுக்க மணத்தது. அவன் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினான்.

"என்னாடி இது? மண்ணா?"

"கருவாட்டுக் கொழம்புங்க."

"எங்க கருவாடு? வெந்நில உப்பப் போட்டு வச்சிருக்க. நோயாளிக்கி இது போதும்னு நெனச்சிட்டியா?"

பீங்கான் கோப்பை சுவரில் போய் உடைந்தது. அவள் குனிந்து ஓடுகளைப் பொறுக்கினாள். அடுத்த கிளினிக்கில் கேட்டபோதுதான் டொக்டர் சொன்னார், தலையில் அடிபட்டதில் மணம் பிடிக்கும் நரம்பு அறுந்திருக்கும், மணம் போனால் ருசியும் போகும் என்று. திரும்பி வருமா என்று கேட்டாள். சொல்ல முடியாது என்றார். அவள் அதைப் புருஷனிடம் சொன்னாள். "கறியக் கெடுத்துட்டு, மூக்கு மேல பழியப் போடுறியா" என்றான் அவன்.

தலையில் போட, அட்டனில் தேடி ஒரு லேசான சைக்கிள் ஹெல்மெட் வாங்கி வந்தாள். உள்ளே பஞ்சு வைத்துக் காயத்தில் படாமல் தைத்தாள். கக்கூசுக்கு இறங்கும் படி பன்னிரண்டு மாதமும் ஈரம். ஹெல்மெட் இல்லாமல் அவனை அந்தப் படியில் இறங்க விடமாட்டாள். வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள்.

"வழிய வுடு."

"மாட்டிக்கிட்டுப் போங்க."

"அன்னிக்கி மாட்டி வுடாதவ இன்னிக்கி என்னா அக்கறை?"

அவள் ஹெல்மெட்டை நீட்டிக்கொண்டே நிற்பாள். நெருக்கடி முற்றியதும் அவன் பிடுங்கிக் கவிழ்த்துக்கொண்டு போவான். பீலிக்கரையில் இளவட்டங்கள் "அழகண்ணே, எந்த டீமுக்கு வெளாடுறீங்க?" என்று கேட்கும். திரும்பி வந்து ஹெல்மெட்டை அவள் காலடியில் வீசுவான். அவள் எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டுவாள். இதே கூத்து நாள் தவறாமல் நடந்தது.

ஊரும் அவளை விடவில்லை. கடைக்குத் திரும்பியபோது மாவுக்கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. ரிஸ்வி முதலாளி பில் போடும் மேசையில் உட்கார வைத்தார். "புருஷன் மண்ட ஒடஞ்சு கெடக்கான், இவ பஜாருக்குப் பொட்டு வச்சிட்டுப் போறா" என்றார்கள். ஒடிந்த கை குளிரில் எப்படிக் குடைந்தது என்று ஒரு ஆள் கேட்கவில்லை. ஸ்கூட்டி இஸ்தோப்பு மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. போகிற வருகிறவர்கள் அதை உதைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு போயா நாள், பௌர்ணமி என்பதால் கடை லீவு. மத்தியானம் காளியாயி வந்தாள். கையில் பை, முகத்தில் முடிவு. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பிய நான் கூட்டிட்டுப் போறேன். எங்கூர்ல எண்ண கட்டுற வைத்தியர் இருக்காரு. எலும்பும் வேணாம் கிலும்பும் வேணாம், எண்ணயிலயே கூட வச்சிருவாராம்."

"மதினி, எலும்பு வைக்கத் தேதி குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் கண்டிக்கிப் போகணும். தலைய அமுக்கிக் கிமுக்கி வுட்டா உசுருக்கே—"

"உசுரப் பத்தி நீ பேசுறியா? நீயா?" காளியாயியின் குரல் லயத்தின் அடுத்த தொங்கல் வரைக்கும் போனது. கதவுகள் திறந்தன. "ஏன்டி, ஒன் தலைக்கி ஒண்ணு வாங்குனியே, கட்டுனவன் தலைக்கி ஒண்ணு வாங்கத் தோணலியா? கோழிகூட குஞ்ச மூடிக்கிட்டுத்தான் படுக்கும்!"

அழகன் உள்ளேயிருந்து வந்தான். தலையில் ஒன்றுமில்லை. பள்ளம் வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராக இஸ்தோப்பு மூலைக்குப் போய்ச் சாக்கை இழுத்தெறிந்தான். அடுப்புக்குக் கிடந்த விறகுக் கட்டை ஒன்றை எடுத்து ஸ்கூட்டியின் லைட்டில் அடித்தான். கண்ணாடி சிதறியது. மறுபடி ஓங்கியபோது ஈரச் சிமெந்தில் கால் வழுக்கியது.

வினோதா எப்படி அங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. அவன் பின்பக்கமாகச் சாய்ந்தபோது அவள் அவனுக்குக் கீழே இருந்தாள். அவன் தலை அவள் நெஞ்சில் விழுந்தது. அவள் இடது கை இருவருக்கும் அடியில் மாட்டிக்கொண்டது. கட்டு அவிழ்த்து ஒரு வாரம்கூட ஆகாத கை. அவள் அலறிய அலறலில் பீலிக்கரைப் பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

அவனைப் பக்கத்துக் காம்பிரா வீரய்யா தூக்கி உட்கார வைத்தார். வினோதா தானாக எழுந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வாயில் அழுகை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து புருஷனுக்குப் போட்டு வந்த 'ங்க' அன்றுதான் அவள் வாயிலிருந்து விழுந்தது.

"கேட்டுக்க. அக்காவும் தம்பியும் நல்லாக் கேட்டுக்கங்க. லயமும் கேக்கட்டும். ரெண்டு வாங்குனேன். எனக்குக் கறுப்பு, ஒனக்கு நீலம். அன்னிக்கி இந்தக் கையாலதான் ஒன் தலையில வச்சேன். நீ தட்டி வுட்ட. என்னா சொன்ன தெரியுமா? 'பொம்பளைக்குப் பின்னால குந்திக்கிட்டுப் போறதே கேவலம். இதுல சட்டியையும் தலையில தூக்கிக்கிட்டா, அழகன் மொளப்பாரி எடுக்குறான், யாராச்சும் கொலவ போடுங்கடின்னு பீலிக்கரையில சொல்லுவாளுக. ஸ்டோரத் தாண்டுனதும் மாட்டிக்கிறேன், ஓட்டுடி'ன்ன. ஸ்டோர் வரைக்கும் நம்ம போகல. அவ்வளவுதான் நடந்தது."

"பொய்!" என்றாள் காளியாயி. "மறந்துட்டான்னு தெரிஞ்சு கத கட்டுறா. எந்தம்பிக்கு ஞாவகம் இல்லன்ன தைரியம்!"

கூட்டம் அழகனைப் பார்த்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது, எதையோ சொல்லிப் பார்க்கிறவன் மாதிரி.

"அக்கா" என்றான்.

"நீ பேசாத தம்பி. பையில துணிய வையி, போவம்."

"அக்கா, அது நான் சொன்னதுதான்."

"ஒனக்கு ஞாவகம் வந்துருச்சா?"

"வரல்ல. ஒண்ணுமே வரல்ல." அவன் தலையை உயர்த்தவில்லை. "ஆனா அது என் பேச்சு. மொளப்பாரி, கொலவ... இவளுக்கு அப்பிடிப் பேச வராது. இவ கத கட்டுனா 'வேணாம்னு சொன்னீங்க'ன்னுதான் கட்டுவா."

அவன் சொன்னது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அந்த லயத்தில் அப்படிப் பேசுகிற ஆள் ஒருவன்தான் இருந்தான்.

காளியாயி பையை எடுத்தாள். "அப்ப நான் பொய்க்காரியா? ஆஸ்பத்திரி வாசல்ல கெடந்து காத்தவ நானு. ரெண்டு பேரும் நல்லா இருங்க. எம் மூஞ்சில முழிக்காதீங்க." செருப்பைக் கழற்றாமல் வந்தவள் அப்படியே போனாள். அவளைத் தடுக்க யாரும் எழவில்லை.

அழகன் மெதுவாக வினோதாவின் பக்கம் திரும்பினான். "இந்தா பாரு..." என்று ஆரம்பித்தான்.

"வாய மூடு" என்றாள் அவள். "இப்ப ஒண்ணும் பேசாத. நானும் பேச மாட்டேன். தலை கொதிக்கக் கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காரு. ஒன் மண்ட மூடட்டும். அப்புறம் இருக்கு ஒனக்கு."

அன்றைக்கே அவள் மறுபடி கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். எலும்பு கூடிய இடம் விலகியிருந்தது.

எலும்பு வைக்கும் வரைக்கும் அந்தக் காம்பிராவில் அத்தியாவசியமான பேச்சு மட்டும்தான் இருந்தது. சாப்பிடு. மாட்டிக்க. மருந்து. அவனுக்குக் கோபம் வராமல் இல்லை. வரும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வான், முதுகு ஆடும். ஒருநாள் கோப்பையை ஓங்கினான். வீசாமல் கீழே வைத்தான். சுலக்ஷனா புத்தகத்தோடு திரும்பி வந்தாள். ஆனால் சத்தமாகப் படிக்கவில்லை.

கண்டியில் அவன் வயிற்றிலிருந்து எலும்பை எடுத்துத் தலையில் பொருத்தினார்கள். தையல் பிரித்த பிறகு டொக்டர் விரலால் தட்டிப் பார்த்து, "இப்ப கெட்டி" என்றார். மெஷின் பக்கம் போகாத வேலைதான் இனி செய்யலாம், கோபம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும், மணத்தை நம்ப வேண்டாம் என்றும் சொன்னார். வினோதா ஒரு கேள்விதான் கேட்டாள்.

"டொக்டர், இனி இவருகூடச் சண்டை போடலாமா?"

டொக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சிரிக்கிறாளா என்று தேடினார். அவள் சிரிக்கவில்லை.

"கொஞ்சம் போடலாம்" என்றார்.

மறுநாள் காலை மழை இல்லை. மலைக்கு மேலே வெயில் வந்திருந்தது. வினோதா அடுப்பில் சோற்றை ஏற்றிவிட்டு, சுலக்ஷனாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, இஸ்தோப்பில் பலகையில் உட்கார்ந்திருந்த புருஷன் முன்னால் வந்து நின்றாள். ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவன் வீசிய ஊசிக் குழாயில் ஆரம்பித்தாள். கையை நீட்டாதே என்று லயத்து வாசலில் சொன்னதைச் சொன்னாள். கருவாட்டுக் குழம்பு. உடைந்த கோப்பை. பிள்ளையின் புத்தகம். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே சொன்னாள். பீலிக்கரையில் தண்ணீர் நிரம்பி வழிந்த குடங்களை யாரும் எடுக்கவில்லை. "என்னக் கொலகாரின்னு ஊரு பூரா சொன்னப்ப நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்த? ஒங்கக்கா வாயில இருந்து வந்தது ஒனக்கு வேதம். பதினஞ்சு வருசம் ஒன்கூடப் படுத்து எந்திரிச்சவ சொன்னது பொய். அப்பிடித்தானே?" கை ஒடிந்ததைச் சொன்னாள், ரெண்டாம் தடவை ஒடிந்ததையும் சொன்னாள். பேய் வண்டி என்று சொன்ன லயத்துக்கும் சேர்த்துச் சொன்னாள். ரெண்டொரு கதவுகள் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன.

உள்ளே சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. தீய்ந்த வாடை வாசல் வரைக்கும் வந்தது. அழகனுக்கு அது தெரியவில்லை. அவன் ரெண்டு கையாலும் பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை எதிர்க்காமல், அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தான்.

மூச்சு வாங்க அவள் நிறுத்தினாள்.

"முடிஞ்சிருச்சா?" என்றான்.

"இல்ல."

"அப்ப சொல்லு" என்றான் அழகன்.